நீலக் கட்டம் போட்ட சட்டை

என்னையா கேட்குறீங்க? பார்க் சர்வேன்னா என்கிட்ட எதுக்குக்கா? எனக்கு அவ்வளவா பேச வராது. அஞ்சாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன். கேட்ல வாட்ச்மேன் அண்ணன் இருக்கார் பாருங்க, அவரைக் கேட்டா எல்லாம் சொல்வார். ஓ, அவர்கிட்ட கேட்டாச்சா. பார்க்குக்கு வர்றவங்களையும் கேட்கணுமா. சரி, அப்போ உட்காருங்க. அந்த ஓரம் வேண்டாம், ஆணி நீட்டிக்கிட்டு இருக்கு, துணியைக் கிழிச்சுடும். இப்படி வாங்க. கனி, பெரியம்மாவுக்கு இடம் விடு.

எத்தனை கேள்வி இருக்கு? பன்னிரண்டா? மெதுவாவே கேளுங்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லை.

எவ்வளவு நாளா வர்றோம்னா, கனிக்கு எட்டு மாசம் இருக்கும்போது இந்த ஊருக்கு வந்தோம். இப்போ ரெண்டு வயசு முடிஞ்சு ஒரு மாசம் ஆகுது. வந்ததிலிருந்து தினமும் வர்றோம். மழை பெஞ்சா மட்டும் வர மாட்டோம். லேசான தூறல்னா அப்பவும் வந்துடுவோம், அங்க குடை மாதிரி சிமெண்டுல கட்டி வச்சிருக்காங்களே, அதுக்கு அடியில நிற்போம். தினமும்னே போட்டுக்கோங்க.

எதுக்கு வர்றோமா? அதுக்கு என்னென்ன கட்டம் இருக்கு? நடைப்பயிற்சி, விளையாட்டு, ஓய்வு, மற்றவை. மற்றவைல போடுங்க. எங்க வீட்டுக்காரருக்குக் கம்பெனியில நைட் ஷிப்ட். காலையில வந்து சாப்பிட்டுப் படுத்தார்னா சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் தூங்குவார். ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் வந்துடும். எங்களுக்கு ஒரே ரூம்தான், மூணாவது மாடியில. அவர் தூங்கும்போது குழந்தை சத்தம் போடக் கூடாது. இவள் பாவம், சத்தமா பேசப் பழகவே இல்லை, எதைச் சொன்னாலும் காதுக்குள்ள சொல்ற மாதிரிதான் சொல்வாள். நீங்களே கேளுங்களேன். கனி, உன் பேரு என்ன சொல்லு. கேட்டீங்களா? அவ்வளவுதான் அவள் குரல். அதனால நாலு மணிக்கு பார்க் திறந்ததும் வந்துடுவோம். இங்க வந்தா அவள் கத்தலாம். கத்த மாட்டேங்கிறாள், ஆனா கத்தலாம்.

எங்க பக்கத்து வீட்டுல தெலுங்கு. எதிர் வீட்டுல கன்னடம். கீழ இந்தி பேசுற பசங்க ஏழெட்டுப் பேர் சேர்ந்து இருக்காங்க. எல்லாரும் நல்லவங்கதான். மாடிப்படியில பார்த்தா சிரிப்பாங்க, நானும் சிரிப்பேன். பதினேழு மாசமா சிரிச்சுக்கிட்டே இருக்கோம்.

இது எத்தனாவது கேள்வி? பாதுகாப்பா இருக்கான்னா? இந்தக் கேள்வியைக் கடைசியில வச்சுக்கலாமா அக்கா? இல்லை, பதில் தெரியாம இல்லை. கொஞ்சம் விவரமா சொல்லணும். நீங்க மிச்சத்தைக் கேளுங்க.

வாட்ச்மேன் அண்ணன் சொல்லிட்டாரா. சித்திரையில இங்க ஒரு ஆளைப் பிடிச்சாங்கன்னு. பேப்பர்ல அதையும் எழுதிட்டீங்களா? பேனாவுலயா எழுதினீங்க?

சரி, சொல்றேன். முதல்லேர்ந்து சொன்னாத்தான் புரியும். கனி, இந்தா பிஸ்கட், ஊஞ்சல் கிட்ட போய் சாப்பிடு. நீங்களும் எடுத்துக்கோங்க அக்கா, புதுப் பாக்கெட்டுதான், இப்பத்தான் பிரிச்சேன்.

முதல்ல இங்க போலீஸ்னு யாரும் நிற்க மாட்டாங்க. வாட்ச்மேன் அண்ணன் ரூம்ல ஒரு நோட்டு ஆணியில தொங்கும். பட்டா நோட்டும்பாங்க. ரோந்து வர்ற போலீஸ் இறங்கி வந்து, அதுல மணி போட்டுக் கையெழுத்து போட்டுட்டுப் போகணும், அப்போதான் அவங்க வந்து பார்த்ததா கணக்கு. ஆனா பாதிப் பேர் வண்டியை விட்டு இறங்க மாட்டாங்க. ஹாரன் அடிப்பாங்க, அண்ணன் நோட்டைத் தூக்கிக்கிட்டு ஓடுவார். சிலர் நாளைக்கும் சேர்த்துப் போட்டுட்டுப் போயிடுவாங்க. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, ஆள் இல்லை. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு பார்க்கிறீங்களா? மேனகா அக்கா சொன்னதுதான்.

தை மாசம் இங்க நடக்க வர்ற பேங்க் அம்மாவோட சங்கிலியை ரெண்டு பேர் கேட்டுக்கு வெளிய வச்சு அறுத்துட்டு வண்டியில போயிட்டாங்க. அந்தம்மா கழுத்துல கீறல். பெரிய ஆளுங்க எல்லாம் போய் ஸ்டேஷன்ல பேசினாங்க. அதுக்கப்புறம்தான் சாயங்காலம் நாலுலேர்ந்து எட்டு வரைக்கும் ஒரு பொம்பளை போலீஸை இங்க போட்டாங்க. அவங்கதான் மேனகா அக்கா. கள்ளக்குறிச்சிப் பக்கம். எனக்கு சங்கராபுரம். அப்படின்னா கிட்டத்தட்ட ஒரே ஊர்தானே?

முதல் நாள் நான் அவங்க பக்கமே பார்க்கலை. காக்கியைப் பார்த்தா எனக்கு அப்படி. அவங்களா என்கிட்ட வந்து நின்னாங்க.

"ஏம்மா, உன் வீடு எங்க?"

கனியை இழுத்து மடியில வச்சுக்கிட்டேன். "பின்னாடித் தெருங்க. மூணாவது மாடி."

"பாத்ரூம் உள்ளயா, வெளிய பொதுவா?"

"உள்ளதாங்க."

"எழுந்திரு, போகலாம். இங்க கட்டி வச்சதைப் பூட்டு போட்டுப் பூட்டி வச்சிருக்காங்க. சாவி எவன்கிட்ட இருக்குன்னு எவனுக்கும் தெரியலை. மத்தியானத்துலேர்ந்து தண்ணியே குடிக்காம நிக்கிறேன்."

ஆம்பளை போலீஸ்னா எங்கயாவது போயிடுவாங்க, இவங்க எங்க போவாங்க சொல்லுங்க. கூட்டிட்டுப் போனேன். கதவைத் திறந்தா எங்க வீட்டுக்காரர் குறுக்கால படுத்துத் தூங்கிட்டிருக்கார். அவரைத் தாண்டித்தான் பாத்ரூமுக்குப் போகணும். அக்கா பூட்ஸைக் கையில தூக்கிக்கிட்டு நுனிக்காலில நடந்து போனாங்க. திரும்பி வரும்போது அவர் கண்ணு முழிச்சுட்டார். தலைமாட்டுல காக்கி நிக்குது. அவர் எழுந்து உட்கார்ந்து, "சார், ஐ.டி. கார்டு பையில இருக்கு சார்" அப்படிங்கிறார். அக்கா, "தூங்குங்க அண்ணே, உங்களைப் பிடிக்க வரலை"ன்னு சொல்லிட்டு மாடிப்படியில இறங்கி வந்து விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். இந்த ஊருக்கு வந்து நான் வாய்விட்டுச் சிரிச்சது அன்னைக்குத்தான்.

அதுலேர்ந்து தினமும் அஞ்சு மணிக்கு எங்க வீட்டுக்கு வருவாங்க. நாப்பது நாள். சொந்தத் தங்கச்சிகூட அப்படி வராது. எங்க வீட்டுக்கு வந்த விருந்தாளின்னா அவங்க ஒருத்தங்கதான். டீ போட்டுத் தருவேன். டம்ளரைக் கீழ வச்சா சத்தம் வரும்னு கையிலேயே வச்சுக் குடிப்பாங்க. ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம்தான் இருப்பாங்க. வந்த வேலை முடிஞ்சதும் கிளம்பிடுவாங்க. டூட்டி இல்லையா. அப்புறம் இங்க வந்து பூட்ஸைக் கழட்டி பெஞ்சுக்கு அடியில தள்ளிவிட்டு உட்காருவாங்க. கால் வீங்கிக் கிடக்கும், பார்க்கவே ஒரு மாதிரியா இருக்கும்.

"ஸ்டேஷன்ல அறுபது பேர் இருக்கணும் சங்கவி. முப்பத்தெட்டுதான் இருக்கோம். அதுல கோர்ட்டுக்கு ஆறு, வண்டி ஓட்ட நாலு, பந்தோபஸ்துன்னு எப்பவும் பத்துப் பேர் வெளியூர்ல. மிச்சம் இருக்கிறதுதான் ஊரைக் காக்கணும். அதுல ஒருத்தி ஊஞ்சலைக் காத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்" அப்படிம்பாங்க. அவங்க பையனை அவங்கம்மா வளர்க்கிறாங்க. மாசத்துக்கு ஒருதரம் பார்க்கப் போறதே பெரிய பாடு. கனியை மடியில வச்சுக்கிட்டு போன்ல அவன் படத்தைக் காட்டுவாங்க. "அண்ணன் பாரு"ம்பாங்க. அவங்க மடியில இருக்கும்போது மட்டும் இவள் கொஞ்சம் சத்தமா பேசுவாள்.

போன் நம்பர் நான் வாங்கலை. கேட்கக் கூச்சம். தினமும் வர்றவங்ககிட்ட நம்பர் எதுக்குன்னு இருந்துட்டேன்.

அந்த கேட் பக்கம் சிவப்பா ஒரு பெட்டி இருக்கு பாருங்க. புகார்ப் பெட்டி. திங்கக்கிழமை திங்கக்கிழமை அக்கா அதைத் திறந்து பார்ப்பாங்க. உள்ள ஐஸ் குச்சி, பஸ் டிக்கெட், ஒருநாள் ஒரு ஒத்தைக் கொலுசு. "பார்த்தியா, இந்த ஊர்ல யாருக்கும் ஒரு குறையும் இல்லை"ன்னு சிரிப்பாங்க. நான் ஒருநாள் கேட்டேன், "இதுல பயமா இருக்குன்னு எழுதிப் போட்டா போலீஸ் வருவாங்களாக்கா?"

"வெறுமனே பயமா இருக்குன்னா எவன் வருவான்? பயம் ஊர் பூரா இருக்கு. ஆள் அடையாளம் எழுதணும். என்ன சட்டை, எத்தனை மணிக்கு வர்றான், எங்க உட்கார்றான், அப்படி எழுதினாத்தான் மேல போகும். உடனே டூட்டி போடுவாங்க."

அவங்க விளையாட்டாத்தான் சொன்னாங்க. நான்தான் மனசுல வச்சுக்கிட்டேன்.

பங்குனியில ஒருநாள் டீ குடிச்சுக்கிட்டே, "நாளைலேர்ந்து வேற டூட்டி, பந்தோபஸ்து. நாலு ஊர்ல திருவிழா"ன்னாங்க. "எப்போ வருவீங்க?"ன்னேன். "எனக்கென்ன தெரியும், போட்டா வருவேன்"ன்னாங்க. டம்ளரைக் கையில கொடுத்துட்டு இறங்கிப் போயிட்டாங்க.

மறுநாள் அஞ்சு மணிக்கு நான் டீ போட்டேன். பழக்கதோஷம். அதுக்கு மறுநாளும் போட்டேன். பத்தொன்பது நாள் போட்டிருப்பேன். வாட்ச்மேன் அண்ணன்கிட்ட போய், "அந்த நோட்டைக் கொஞ்சம் காட்டுங்கண்ணா"ன்னு கேட்டு வாங்கிப் பார்ப்பேன். பழைய பக்கத்துல அக்கா கையெழுத்து இருக்கும். அதுக்கப்புறம் வெறும் பக்கம். "போலீஸ் நோட்டை நீ எதுக்கும்மா பார்க்கிற?"ன்னு அவர் கேட்டார். "சும்மாண்ணா"ன்னேன்.

அக்கா, போன் வருதா? பேசுங்க, பேசுங்க. வேண்டாமா? கட் பண்ணிட்டீங்களா. சரி.

பெட்டியில எழுதிப் போட்டது நான்தான்.

சித்திரை பிறந்து ஒரு வாரம் இருக்கும். மத்தியானம், எங்க வீட்டுக்காரர் தூங்குறார், கனியும் தூங்கிட்டாள். மாடிப்படியில உட்கார்ந்து எழுதினேன். ஐயா வணக்கம்னு போட்டேன். பூங்காவில் பெண்களுக்குப் பயமாக இருக்கிறது, முன்பு இருந்த பெண் போலீசையே மறுபடி போட வேண்டும்னு எழுதினேன். அதோட நிறுத்தியிருக்கலாம். அடையாளம் இல்லைன்னா மேல போகாதே. யாரைன்னு எழுதுறது? எனக்கு யாரைத் தெரியும்? இங்க ஆம்பளைன்னு தினமும் தனியா வர்றது ஒருத்தர்தான். நாலரை மணிக்கு வருவார். நாம உட்கார்ந்திருக்கோமே, இதே பெஞ்சு. நீலக் கட்டம் போட்ட சட்டை. ஒரு கட்டைப்பை. சம்படத்தைத் திறந்து சாப்பிடுவார். சாப்பிட்டுட்டு ஊஞ்சல் பக்கம் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பார். அஞ்சே முக்காலுக்கு எழுந்து போயிடுவார்.

நான் பொய் எழுதலை அக்கா. நீலக் கட்டம் போட்ட சட்டை, நாலரை மணிக்கு வருகிறார், ஊஞ்சல் பக்கமே பார்க்கிறார்னு எழுதினேன். பார்த்தார்ங்கிறது உண்மைதான். இந்த பெஞ்சை அப்படிப் போட்டு வச்சிருக்காங்க, நீங்களே பாருங்க, இதுல உட்கார்ந்தா ஊஞ்சலைத்தான் பார்க்க முடியும். அதை மட்டும் நான் எழுதலை. பேர் எழுதலை, அவர் பேர் எனக்குத் தெரியவும் தெரியாது. என் பேரையும் எழுதலை. இந்த ஊர்ல பாதி ஆம்பளைங்க நீலக் கட்டம்தான் போடுறாங்க, யாருன்னு கண்டுபிடிப்பாங்கன்னு நான் நினைக்கலை. மேனகா அக்கா வருவாங்க, ஒரு சுத்து பார்த்துட்டு, "எவடி எழுதினது, நீலச் சட்டையாம்"னு சிரிப்பாங்க, அப்புறம் வீட்டுக்கு வருவாங்கன்னுதான் நினைச்சேன். வீட்டுல சர்க்கரை இருக்கான்னுகூடப் பார்த்து வச்சேன்.

திங்கக்கிழமை யாரோ பெட்டியைத் திறந்திருக்காங்க, வியாழக்கிழமை ஜீப் வந்துச்சு. ரெண்டு பேர், ஆம்பளை போலீஸ். நான் ஊஞ்சல் கிட்ட கனியோட நின்னேன். அவங்க நேரா இந்த பெஞ்சுக்கு வந்தாங்க. அவர் சாப்பிட்டுக்கிட்டிருந்தார். தயிர்சாதம். எச்சில் கையோட எழுந்து நின்னார்.

"தினமும் வர்றியாமே, இங்க என்ன வேலை?"

"சாப்பிடுறேன் சார்."

"வீட்டுல சாப்பிட முடியாதா?"

அவர் என்னவோ சொன்னார், எனக்குக் கேட்கலை. பையைக் கவுத்தாங்க. உள்ள ஒரு யூனிபார்ம் சட்டை, தொப்பி, விசில். "இது எதுக்குடா? போலீஸ் மாதிரி வேஷம் போடுறியா?"ன்னு ஒருத்தர் சத்தம் போட்டார். நடந்துக்கிட்டிருந்த அம்மாங்க எல்லாம் நின்னுட்டாங்க. யாரோ ஒருத்தங்க, "இவனா, தினமும் பார்ப்பேன், அப்பவே நினைச்சேன்"ன்னாங்க. அவங்க அப்பவே ஒண்ணும் நினைச்சிருக்க மாட்டாங்க அக்கா. அதுக்கு முந்தின வாரம் அவங்க பேத்தி கீழ விழுந்தப்போ அவர்தான் தூக்கிவிட்டார், நான் பார்த்தேன்.

ஜீப்புல ஏறச் சொன்னாங்க. "கை கழுவிக்கிறேன் சார்"னு கேட்டார். அந்தக் குழாய் பத்தடி தூரத்துல இருக்கு. அதுக்கு விடலை. சாதம் ஒட்டின கையை இப்படித் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே ஏறினார்.

நான் சொல்லியிருக்கலாம்தான். எனக்குப் பேச வராதுன்னு உங்ககிட்ட முதல்லயே சொன்னேனே.

மறுநாள் டூட்டி போட்டாங்க. மேனகா அக்கா இல்லை. கேட்ல ரெண்டு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்து போன் பார்த்துக்கிட்டிருந்தாங்க. நான் மூணு தடவை கேட் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, நாலாவது தடவை கேட்டுட்டேன். "மேனகா அக்கா வரலைங்களா?" "யாரு மேனகா?"ன்னார் ஒருத்தர். இன்னொருத்தர், "ஏன், அந்தம்மா உனக்குச் சொந்தமா?"ன்னார். ஆமான்னு சொல்ல வாய் வந்துச்சு. இல்லைங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன். பத்து நாள் இருந்தாங்க, அப்புறம் அவங்களையும் எடுத்துட்டாங்க.

ஒருநாள் எட்டு மணிக்கு மூடுறதை ஆறு மணி ஆக்கிட்டாங்க. போர்டு வச்சாங்க, சந்தேகப்படும்படி யாராவது இருந்தால் சொல்லவும்னு. அதைப் படிச்சுட்டு, வந்துக்கிட்டிருந்த அம்மாங்களும் வர்றதை நிறுத்திட்டாங்க. பொம்பளைங்களைப் பார்க்கிறவன் ஒருத்தன் இங்க இருந்தான்னு தெருத்தெருவா பேச்சு. தெலுங்குல பேசிக்கிட்டாங்க, கன்னடத்துல பேசிக்கிட்டாங்க, எங்க பக்கத்து வீட்டு அம்மா இத்தனை மாசத்துல முதல் தடவையா என்கிட்ட தமிழ்ல பேசினாங்க. "பார்க் போகாதேம்மா, அங்க ஆள் சரியில்லை"ன்னாங்க. பிள்ளைங்களை யாரும் அனுப்புறதில்லை. இப்போ பாருங்க, நாலு ஊஞ்சல் இருக்கு, எதுல ஏறலாம்னு கனி யோசிச்சுக்கிட்டு நிக்கிறாள். முன்னெல்லாம் வரிசையில நிற்கணும்.

அவர் யாருன்னு வாட்ச்மேன் அண்ணன்தான் அப்புறம் சொன்னார். எத்திராஜாம் பேரு. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய அப்பார்ட்மெண்ட் இருக்கே, அதுல செக்யூரிட்டி. ஆறு மணி டூட்டி. அங்க உட்கார்ந்து சாப்பிட இடம் கிடையாதாம், குடியிருக்கிறவங்க திட்டுவாங்களாம். அதனால இங்க வந்து சாப்பிட்டுட்டு, அஞ்சே முக்காலுக்கு வாட்ச்மேன் ரூம் பின்னாடி சட்டையை மாத்திக்கிட்டுப் போவாராம். அவரும் காவல் காக்கிறவர்தான் அக்கா. ஸ்டேஷன்ல ஒரு ராத்திரி உட்கார வச்சுட்டாங்கன்னு ஏஜென்சியில வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம் எங்க கேட்டாலும் வேலை தரலையாம். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்து போடணும். இன்னைக்கு வரைக்கும் போட்டுக்கிட்டிருக்காராம். போலீஸ்காரங்க இங்க வந்து போடாத கையெழுத்தை எல்லாம் அவர் அங்க போய்ப் போடுறார்னு வாட்ச்மேன் அண்ணன் சொன்னார். அவர் சிரிச்சுக்கிட்டே சொன்னார். நான் கனியைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

மேனகா அக்கா வந்திருந்தா இப்படி நடந்திருக்காது. அவங்க முதல்ல கை கழுவ விட்டிருப்பாங்க.

அவங்களை ஒரு தடவை பார்த்தேன் அக்கா. வைகாசியில தேர் ஓடுச்சு. எங்க வீட்டுக்காரருக்கு அன்னைக்கு லீவு, கூட்டிட்டுப் போனார். கூட்டம்னா கூட்டம். கயிறு கட்டி ஜனத்தைத் தள்ளிக்கிட்டிருந்தாங்க. "ஓரமா போம்மா, குழந்தையைத் தூக்கு, குழந்தையைத் தூக்கு"ன்னு குரல். எனக்கு அந்தக் குரல் தெரியாதா. "அக்கா, நான்தான்"னேன். அவங்க என்னைப் பார்த்தாங்க, யாருன்னு தெரியலை. கூட்டம், வெயில், எத்தனை முகத்தைத்தான் ஞாபகம் வச்சுக்குவாங்க. அப்புறம் இடுப்புல இருந்த இவளைப் பார்த்தாங்க. "கனிதானே? பார்க்கு பொண்ணு. சங்கவி. ஆமாடி, அங்க ஒருத்தனைப் பிடிச்சாங்களாமே. எவளோ தைரியமா பெட்டியில எழுதிப் போட்டிருக்காள். நல்ல வேலை பண்ணினாள். இப்போ பயம் இல்லாம இருக்கீங்கல்ல?"

ஆயிரம் பேருக்கு நடுவுல அவங்க எனக்குன்னு நின்னு கேட்கிறாங்க. அங்கயே சொல்லியிருக்கணும். அவங்ககிட்ட சொல்லியிருந்தா அவங்க போய் ஸ்டேஷன்ல சொல்லியிருப்பாங்க, அந்த மனுஷனோட கையெழுத்து அன்னைக்கே நின்னிருக்கும். எனக்குத் தெரியாம இல்லை. ஆனா அவங்க நல்ல வேலை பண்ணினாள்னு சொல்றாங்க அக்கா. அவள் நான்தான்னு சொன்னா மூஞ்சி மாறிடும். அந்த மூஞ்சியைத்தானே நான் பத்தொன்பது நாள் டீ போட்டு வச்சுத் தேடினேன்.

"ஆமாக்கா"ன்னேன். "பயம் இல்லைக்கா"ன்னேன். அதுக்குள்ள யாரோ கயித்தைத் தாண்டினாங்க, அவங்க ஓடிட்டாங்க.

நம்பர் அன்னைக்கும் வாங்கலை.

இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்லை. வீட்டுக்காரருக்கும் தெரியாது. உங்ககிட்ட எப்படிச் சொன்னேன்னு தெரியலை. நீங்க உட்கார்ந்து கேட்டீங்க. அதனால இருக்கும்.

மிச்சக் கேள்வி எல்லாம் கேளுங்க. விளக்கு எரியுதா? ரெண்டு எரியுது, ஆறு எரியலை. கழிவறை? இன்னும் பூட்டித்தான் இருக்கு. குடிதண்ணி வருது. இப்போ அந்தக் கேள்வியா? பாதுகாப்பா இருக்கா. ஆம், இல்லை. ரெண்டே கட்டம்தானா.

ஒண்ணு கேட்கட்டுமா அக்கா? நீங்க மறுபடி வருவீங்களா? அப்படியா. இல்லைன்னு வந்த பார்க்குக்கு மட்டும் மாசம் ஒருதரம் வந்து பார்ப்பீங்களா. ஆம்னு வந்துச்சுன்னா இதோட முடிஞ்சுது. ஓஹோ.

அப்போ... இல்லைன்னு போடுங்க.

இருங்க இருங்க. இல்லைன்னு போட்டா கீழ என்னமோ எழுதணும் போல இருக்கே. என்னது அது? காரணம், சம்பந்தப்பட்ட நபர் விவரம். வாட்ச்மேன் அண்ணன் சொன்னதைத்தான் அதுல எழுதி வச்சிருக்கீங்களா. நீலக் கட்டம் போட்ட சட்டை. அதே வார்த்தை. நான் எழுதினதேதான் அக்கா, சுத்திச் சுத்தி உங்க பேப்பருக்கும் வந்துடுச்சு.

அதை அடிச்சுடுங்க. அடிக்கக் கூடாதா? அப்போ அதுக்குக் கீழ எழுதலாமா? நாலு கோடு இருக்கு, போதும். நான் சொல்றதை அப்படியே எழுதுங்க. நீலக் கட்டம் போட்ட சட்டைக்காரர் பேர் எத்திராஜ். அவர் இங்க உட்கார்ந்து சாப்பிட்டார். வேற ஒண்ணும் செய்யலை. பெட்டியில எழுதிப் போட்டது நான். என் பேர் எழுதணுமா? எழுதுங்க. சங்கவி. வீட்டுக்காரர் பேர் வேண்டாம், என் பேர் மட்டும் போதும். இது ஸ்டேஷனுக்கும் போகுமா? ஒரு காப்பி போகுமா. போகட்டும். கையெழுத்து எங்க போடணும்? பேனாவைக் கொடுங்க. கையெழுத்து போட்டு ரொம்ப நாளாச்சு, எழுத்து கோணிப் போகுது. அது பரவாயில்லை, பேர் தெரிஞ்சா போதும்.

அந்தக் கட்டத்துல ஆம்னு போட்டுடுங்க. நிஜமாத்தான் சொல்றேன். இங்க பயப்படுறதுக்கு ஒருத்தரும் கிடையாது. நீங்களே பார்த்தீங்களே, ஒருத்தரும் கிடையாது.

வாட்ச்மேன் அண்ணன் விசில் அடிச்சுட்டார் பாருங்க. ஆறு ஆயிடுச்சு. நீங்க கிளம்புங்க அக்கா, உங்களுக்கு இன்னும் நாலு பார்க் பாக்கி இருக்குன்னு சொன்னீங்களே. அந்த நடைபாதை வழியா போனா சீக்கிரம் போயிடலாம். மீதி பிஸ்கட்டை எடுத்துட்டுப் போங்க, பஸ்ல சாப்பிடுவீங்க. கனி, பெரியம்மாவுக்கு டாட்டா சொல்லு. சத்தமா சொல்லு, இங்க சொல்லலாம். சொல்லு.

நாங்க கடைசியாத்தான் போவோம். எங்களைப் பார்த்துட்டுத்தான் அவர் பூட்டுவார்.